தண்ணி "பிடிப்பது" யார்? "போடுவது" யார்? ஒரே சொல்லுக்கு சென்னையில் எத்தனை அர்த்தம்!

"தண்ணி அடிச்சிட்டு வரேன்!"

சென்னையில் இதை ஒரு பெண் சொன்னால் இடுப்பில் குடம் இருக்கும். ஓர் ஆண் சொன்னால் பாக்கெட்டில் பணம் இருக்கும். திரும்பி வரும்போது அது இருக்காது!

சொல் ஒன்றுதான். அடிப்பதும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் அடிப்பது தெருவோரத்து அடி பம்பை. இன்னொருவர் அடிப்பது "குவார்ட்டர்" பாட்டிலை!

சென்னைவாசியின் வாயில் பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரை புரளும் சொல் "தண்ணி". குடிக்க, குளிக்க மட்டும் அல்ல. ஏமாற்றவும் தண்ணி. கைகழுவவும் தண்ணி. மிரட்டவும் தண்ணி. புகழவும் தண்ணி. திட்டவும் தண்ணி!

குடத்துடன் கியூவில் நின்று பழகிய ஊர் இது. கைக்குத் தண்ணி கிடைக்காத நாளிலும் பேச்சுக்கு மட்டும் தண்ணிப் பஞ்சம் வந்ததே இல்லை.

சுடுதண்ணி என்றால் என்ன?

"தண்" என்றால் குளிர்ச்சி. தண் + நீர் = தண்ணீர். அதாவது குளிர்ந்த நீர். அது பேச்சில் தேய்ந்து "தண்ணி" ஆயிற்று.

சூடான நீருக்கு "வெந்நீர்" என்று தனிச் சொல் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் "சுடுதண்ணி வை" என்றுதான் சொல்கிறார்கள். அர்த்தம் பார்த்தால், "சூடான குளிர்ந்த நீரை வை" என்று ஆகிறது!

"ஜில் தண்ணி" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்பது "குளிர்ந்த குளிர்ந்த நீர்"!

இதை யாரும் தப்பு என்று சொல்வது இல்லை. ஏன் என்றால், தண்ணி என்ற சொல்லில் இருந்த குளிர்ச்சி எப்போதோ போய்விட்டது. இப்போது அது எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அந்த வடிவம் எடுக்கும் சொல். தண்ணியைப் போலவே!

எல்லாம் வினையின் வேலை

தண்ணிக்குப் பின்னால் வருகிற வினைச்சொல்தான் சூட்சுமம். அதை மாற்றினால் ஆளே மாறிவிடுவார்.

தண்ணி பிடித்தால் குடும்பம். தண்ணி போட்டால் வம்பு. தண்ணி காட்டினால் மோசடி. தண்ணி தெளித்தால் கைகழுவல். தண்ணி திறந்து விட்டால் அரசாங்கம்!

இதில் முதல் இரண்டையும் கொஞ்சம் பாருங்கள். "தண்ணி பிடிக்கணும்" என்று அதிகாலையில் அலாரம் வைத்து எழுந்திருப்பவர் பெரும்பாலும் பெண். "தண்ணி போடணும்" என்று சாயங்காலம் கை பரபரப்பவர் பெரும்பாலும் ஆண்.

"எங்க வீட்ல தண்ணிப் பிரச்சினை" என்று ஒரு பெண் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரிக்கே சந்தேகம் வந்துவிடும். மெட்ரோ வாட்டரா? டாஸ்மாக்கா?

இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதும் உண்டு. அந்த வீட்டில் ஒரே ரூபாய் நோட்டுக்கு இரண்டு தண்ணியும் போட்டி போடுகின்றன. கேன் தண்ணிக்கு வைத்த காசு "கட்டிங்"குக்குப் போவது பல வீடுகளில் நடக்கும் கதைதான்.

சாராயம் தண்ணி ஆனது

மதுவுக்குத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. சங்க காலத்திலேயே கள், தேறல், நறவு என்று வகை வகையாகப் பெயர் இருந்தது. அத்தனையும் இருக்க, பச்சைக் குழந்தை குடிக்கும் தண்ணியின் பெயரை எடுத்து சாராயத்துக்கு வைத்து விட்டார்கள்!

இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. "சாராயம் குடிக்கப் போகிறேன்" என்று நாலு பேர் எதிரில் சொல்ல முடியாது. "தண்ணி சாப்பிடலாமா?" என்று யார் எதிரிலும் கேட்கலாம். கேட்க வேண்டியவருக்கு மட்டும் புரியும்.

சட்டமும் இந்த ஊரில் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தது.

1937-ல் ராஜாஜி, சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கு கொண்டு வந்தார். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆயிற்று. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் கடைகள் திறந்தன. சில ஆண்டுகளிலேயே திரும்ப மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-ல் "டாஸ்மாக்" என்ற அரசு நிறுவனம் பிறந்தது. 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-ல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது.

கடை மூடிய காலத்திலும், திறந்த காலத்திலும் மாறாமல் இருந்தது ஒன்றுதான். "தண்ணி" என்ற பெயர்!

அதிலிருந்து கிளைத்தவை ஏராளம். குடித்தவன் "தண்ணியில இருக்கான்". மெட்ராஸ் பாஷையில், "அவன் தண்ணில கீறாம்பா, அப்பால வந்து பேசிக்கலாம்!" கூட்டமாகக் குடித்தால் "தண்ணி பார்ட்டி". தினமும் குடிப்பவன் "தண்ணி வண்டி".

ஜோசியர் "தண்ணியில கண்டம்" என்று சொன்னால் கடற்கரைப் பக்கம் போகாமல் இருந்தால் போதுமா, கடைப்பக்கமும் போகக் கூடாதா என்று கேலி செய்வது ஊர் வழக்கம்.

வெளிநாட்டிலும் இதே கதை!

சாராயத்தைத் தண்ணி ஆக்கியது தமிழன் மட்டும் அல்ல.

ரஷ்யாவின் "வோட்கா" எந்தச் சொல்லில் இருந்து வந்தது தெரியுமா? "வோதா" என்றால் ரஷ்ய மொழியில் தண்ணீர். அதைச் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டால் "வோட்கா"!

ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரர்களின் பழைய மொழியில் மதுவுக்கு "உயிர் நீர்" என்று அர்த்தம் தரும் பெயர் இருந்தது. அதில் "உயிர்" உதிர்ந்து, "நீர்" மட்டும் நின்றது. அதுவே ஆங்கிலேயர் வாயில் "விஸ்கி" ஆயிற்று.

பிரெஞ்சுக்காரர்களும் பிராந்தி வகைகளை "உயிர் நீர்" என்றே அழைக்கிறார்கள்.

ஆக, உலகம் முழுவதும் குடிமகன்கள் ஒரே கட்சி!

பேர் மெத்து, விளைவு கெட்டி

இந்தப் பெயரில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. "குடித்துவிட்டு பெண்டாட்டியை அடித்தான்" என்றால் குற்றம் மாதிரி காதில் விழுகிறது. "தண்ணியில ஏதோ தெரியாம பண்ணிட்டான், விடும்மா" என்றால் விளையாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. பஞ்சாயத்துப் பேச வரும் பெரியவர்கள் கையாளும் சொல் அனேகமாக இரண்டாவதுதான்.

"தண்ணி போட்டிருக்கான்" என்ற சொல்லே பாதி மன்னிப்பு!

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் குடித்தது மெத்தனால் கலந்த விஷச் சாராயம். குடல் எரிந்து துடித்தவர்களுக்கும், கண் பார்வை போனவர்களுக்கும் அதைத் "தண்ணி" என்று சொல்ல வாய் வருமா?

போலீசுக்கு தண்ணி காட்டியவன்

"போலீசுக்கு தண்ணி காட்டிய பலே திருடன் சிக்கினான்!"

மாலைப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு பழக்கமானது. ஆள் மாறுவான்; ஊர் மாறும்; தண்ணி காட்டுவது மட்டும் மாறாது.

திருடன்தான் காட்ட வேண்டும் என்பது இல்லை. கூண்டில் சிக்காத சிறுத்தை வனத்துறைக்கு தண்ணி காட்டும். அவுட் ஆகாத ஆட்டக்காரர் பந்து வீச்சாளர்களுக்கு தண்ணி காட்டுவார். சீட்டுப் பணம் பிடித்தவன் சீட்டு கட்டியவர்களுக்கு தண்ணி காட்டுவான்.

கிராமத்தில் "மாட்டுக்கு தண்ணி காட்டு" என்றால், தொட்டிக்குக் கூட்டிப்போய் வயிறு நிறையக் குடிக்க விடு என்று அர்த்தம். அங்கே தண்ணி காட்டுவது தர்மம். பட்டணத்தில் தண்ணி காட்டுவது தகிடுதத்தம்! மாட்டுக்குக் காட்டினால் தாகம் தீரும். மனிதனுக்குக் காட்டினால் தாகம்தான் மிச்சம்.

தெளிச்சு விட்டாச்சு!

"அவனா? அவனை எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு!"

சொல்லுக்கு அடங்காத பிள்ளையைப் பற்றி அப்பாமார்கள் சொல்லும் வாசகம் இது. இனி அவன் வழி அவனுக்கு, நல்லதும் கெட்டதும் அவன் பாடு என்று பொருள்.

இதற்கு ஆட்டுக் கிடாவைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. கிராமக் கோயிலில் பலி கொடுக்கும் முன் கிடா மீது மஞ்சள் தண்ணி தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்து விட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு அதைக் காப்பாற்ற ஆள் இல்லை.

பிள்ளையைத் தண்ணி தெளித்து விட்டதாகச் சொல்லும் அப்பாவின் குரலில் கோபம்தான் கேட்கும். உள்ளே இருப்பது வேறு. ராத்திரி அவன் வீடு திரும்பும் வரை தூங்காமல் இருப்பவரும் அவர்தான்!

குடித்தால் சுலபம், குடிக்க வைத்தால் கஷ்டம்

"அவருக்கு இது தண்ணி குடிக்கிற மாதிரி" என்றால், சுலபமான வேலை என்று அர்த்தம்.

"அவன் என்னை தண்ணி குடிக்க வச்சுட்டான்" என்றால், உயிரை எடுத்துவிட்டான் என்று அர்த்தம்!

"பல ஊர் தண்ணி குடிச்சவன்" என்றால் அனுபவசாலி. ஏமாற்ற முடியாதவன். "கணக்கு அவனுக்கு தண்ணி பட்ட பாடு" என்றால் அதில் கரை கண்டவன்.

"உப்பு தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்" என்பது பழமொழி. தப்பு செய்தவன் அனுபவிப்பான் என்பது கருத்து. கடலோரச் சென்னைக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. சில இடங்களில் போர் போட்டால் வருவதே உப்புத் தண்ணி. தப்பே செய்யாதவனும் உப்பைக் குடிக்க வேண்டியதுதான்!

ஓட்டலில் காப்பி சரியில்லை என்றால், "காப்பியா இது? கழனித் தண்ணி!" என்று திட்டு விழும். சாம்பார் "தண்ணியா" இருந்தால் முகம் சுளிப்பார்கள். பால்காரரிடம், "பால்ல தண்ணி ஊத்தினியா, தண்ணியில பால் ஊத்தினியா?" என்று கேட்பார்கள்.

தண்ணிக்காக ஏங்கும் ஊரில், வேண்டாத இடத்தில் மட்டும் அது தாராளமாக வந்து சேர்கிறது!

தண்ணியில்லாக் காடு எது?

அரசு ஊழியர்களை மிரட்ட ஒரு சொல் உண்டு. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!"

இந்த மிரட்டலைக் கேட்டதும் பலருக்கும் நினைவில் வந்த ஊர் ராமநாதபுரம். வானம் பார்த்த பூமி. அந்த மாவட்டத்துக்கு 2009-ல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலம் காவிரி தண்ணி போய்ச் சேர்ந்தது.

பத்து வருஷம் கழித்து, 2019-ல் நடந்ததுதான் வேடிக்கை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில ஊழியர்களை "வீட்டிலேயே இருந்து வேலை பாருங்கள்" என்றன. ஓட்டல்கள் சிலவற்றில் மதியச் சாப்பாடு நின்றது.

அந்த ஆண்டு ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்தது. 50 வேகன். அதில் 25 லட்சம் லிட்டர் தண்ணி. ஊரே அதை "தண்ணி ரயில்" என்றது. 200 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த விருந்தாளி!

அந்தக் கோடையில் யாராவது அதிகாரி "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டியிருந்தால், ஊழியர் என்ன கேட்டிருப்பார்? "சென்னையில்தானே சார் இருக்கேன்!"

மூன்றரை ஆண்டு முன்னால், 2015 டிசம்பரில், இதே ஊர் வெள்ளத்தில் படகு விட்டது. வந்தால் கழுத்து மட்டும், வராவிட்டால் காலடி கூட நனையாது. அதுதான் சென்னைத் தண்ணி!

எந்தத் தண்ணி?

வெளியூர்க்காரர் வீட்டுக்கு வந்து "தண்ணி கொடுங்க" என்றால் கொடுத்து விடலாம். சென்னைக்காரரிடம் தண்ணி என்றால், "எந்தத் தண்ணி?" என்ற கேள்வி வரும்.

மெட்ரோ தண்ணி, போர் தண்ணி, லாரி தண்ணி, கேன் தண்ணி, உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. இத்தனையும் ஒரே வீட்டில் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்கும். சமையலுக்கு எது, துணிக்கு எது, வாசல் தெளிக்க எது என்று வீட்டுப் பெண்ணுக்குத்தான் கணக்கு தெரியும்.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. ஏழு கிணறு என்று ஒரு பேட்டை இருக்கிறது. 1772-ல் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தண்ணி கொடுக்கத் தோண்டிய கிணறுகளால் வந்த பெயர். பூண்டி ஏரி 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1978-ல் மெட்ரோ வாட்டர் வாரியம் வந்தது. கிருஷ்ணா தண்ணிக்கு 1983-ல் ஒப்பந்தம். தண்ணி பூண்டிக்கு வந்து சேர்ந்தது 1996-ல். 2004-ல் வீராணம் தண்ணி. 2010-ல் மீஞ்சூரில் கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கும் ஆலை. பிறகு நெம்மேலி.

கிணறு, ஏரி, ஆறு, பக்கத்து மாநிலம், கடல் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனாலும் தெருக்குழாய் தந்த "குழாயடிச் சண்டை" என்ற சொல் மட்டும் சாகவில்லை. குழாயே பார்க்காதவர்கள்கூட அரசியல் தலைவர்கள் மோதிக்கொண்டால், "குழாயடிச் சண்டை மாதிரி இருக்கு" என்கிறார்கள்.

உண்மையான குழாயடியில் நின்றவர்களுக்குத் தெரியும், அது வம்புச் சண்டை அல்ல என்று. ஒரு குடம் குறைந்தால் அன்று பிள்ளைக்குக் குளியல் இல்லை. கியூ நீண்டால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். சண்டை போடாதவள் வெறும் குடத்துடன் வீட்டுக்குப் போக வேண்டும்!

தண்ணியாய் செலவழித்தால்...

"காசைத் தண்ணியா செலவழிக்கிறான்" என்றால் ஊதாரி என்று அர்த்தம். ஆறும் குளமும் நிரம்பி வழிந்த காலத்தில் பிறந்த வாசகம்.

சென்னைப் பெண்கள் தண்ணி செலவழிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அரிசி கழுவிய தண்ணி செடிக்கு. துணி அலசிய தண்ணி கக்கூசுக்கு. ஒரு சொம்பு வீணாவது இல்லை.

காசையும் அப்படிச் செலவழித்தால் அந்த வீடு உருப்பட்டுவிடும்! "தண்ணியாய் செலவழிக்கிறான்" என்பது இந்த ஊரில் திட்டு அல்ல, பாராட்டாக வேண்டும்.

தொட்டில் முதல் சுடுகாடு வரை

பிரசவ வலி வந்தவளுக்கு முதலில் "தண்ணிக்குடம் உடைஞ்சிடுச்சு" என்கிறார்கள். பெண் வயதுக்கு வந்தால் "தலைக்குத் தண்ணி ஊத்துறாங்க". பட்டினி கிடந்தால் "பச்சைத் தண்ணி கூட பல்லுல படல". உறவு முறிந்தால், "அந்த வீட்டுத் தண்ணி கூட குடிக்க மாட்டேன்!"

சாதி பார்க்கும் ஊர்களில் "அவங்களோட நாங்க தண்ணி புழங்க மாட்டோம்" என்ற கொடிய சொல்லும் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணியை வைத்து மனிதனைத் தள்ளி வைத்த சொல் அது.

கடைசியில், படுக்கையில் கிடப்பவருக்கு, "வாயில ஒரு சொட்டு தண்ணி விடுங்க" என்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் "எந்தத் தண்ணி?" என்று கேட்பது இல்லை.

தண்ணியை வைத்து விளையாடாத வாசகமும் ஒன்று இருக்கிறது. அதிகாலை இருட்டில் ஒரு கதவு திறக்கும். எதிர்வீட்டைப் பார்த்து ஒரு குரல் கேட்கும்.

"அக்கா, தண்ணி வந்துடுச்சா?"

இதற்கு ஒரே அர்த்தம்தான்.